வாசகர் கேள்வி பதில்: தண்ணீர் தெளிந்த பிறகும் நிக்கல் ஏன் போகவில்லை?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருக்கின்றன. பட்டறைத் தண்ணீரிலோ, பிளேட்டிங் தொட்டியிலோ, உப்புக் கரைசலிலோ கரைந்து கிடக்கும் வேண்டாத உலோகத்தை ஒரு ரசாயனம் போட்டுத் திடமாக்கி அடியில் இறக்குவது எப்படி, அதாவது வீழ்படிவாக்குவது எப்படி, சில நேரம் அது ஏன் நாம் நினைத்தபடி நடப்பதில்லை என்பதுதான். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, அம்பத்தூரில் சின்ன பிளேட்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். செம்பு, நிக்கல், குரோம் மூன்றும் போடுகிறோம். குரோம் தண்ணீரை மெட்டாபைசல்பைட் போட்டு பச்சையாக்கிய பிறகு எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, சுண்ணாம்பு போட்டு பிஎச் 9 வரை ஏற்றி, பாலி (துகள்களை மொத்தையாகத் திரட்டும் பாலிமர்) விட்டு, கசடை இறக்குகிறோம். தண்ணீர் நன்றாகத் தெளிந்துதான் வருகிறது. ஆனால் லேப் ரிப்போர்ட்டில் நிக்கல் லிட்டருக்கு 6, 7 மில்லிகிராம் என்று நிற்கிறது. 11 வரை ஏற்றினால் நிக்கல் இறங்குகிறது, குரோம் ஏறிவிடுகிறது. எதைப் பிடிப்பது, எதை விடுவது?

பதில்: சுண்ணாம்பிலும் தப்பில்லை, பாலியிலும் தப்பில்லை. மூன்று உலோகத்தை ஒரே பிஎச்சில் பிடிக்கப் பார்ப்பதுதான் சிக்கல். ஒவ்வொரு உலோகத்தின் ஹைட்ராக்சைடும் மிகக் குறைவாகக் கரையும் இடம் என்று ஒன்று உண்டு. ட்ரை குரோமுக்கு, அதாவது நீங்கள் பச்சையாக்கிய குரோமுக்கு, அது சுமார் 7.5லிருந்து 8.5, செம்புக்கு 9 வாக்கில், துத்தநாகத்துக்கு அதற்குக் கொஞ்சம் மேலே, நிக்கலுக்கு 10லிருந்து 10.5, காட்மியத்துக்கு 11 பக்கம். நீங்கள் நிற்கும் 9 குரோமுக்கும் செம்புக்கும் போதும், நிக்கலுக்குப் போதாது. பிஎச் ஒரு புள்ளி ஏறினால் தண்ணீரில் ஹைட்ராக்சைடு அயனி 10 மடங்காகிறது. ஒரு நிக்கல் அயனி இரண்டு ஹைட்ராக்சைடைச் சேர்த்துக்கொண்டுதான் படிகிறது என்பதால், கரைந்து நிற்கக்கூடிய நிக்கல் கணக்குப்படி 100ல் ஒரு பங்காகிவிடும். நிஜத் தண்ணீரில் அவ்வளவு துல்லியமாக நடக்காது, ஆனாலும் 9க்கும் 10க்கும் நடுவில் ரிப்போர்ட் அடியோடு மாறுவதற்குக் காரணம் இதுதான். குரோம் வேறு ரகம். அது அமிலத்திலும் கரையும், காரம் மிஞ்சினாலும் திரும்பக் கரைய ஆரம்பிக்கும். அலுமினியத்துக்கும் துத்தநாகத்துக்கும் இதே குணம் உண்டு.

ஆனால் காரத்தில் கைவைப்பதற்கு முன்னால் ஒரு சோதனை செய்துவிடுங்கள், பலர் இதைச் செய்வதே இல்லை. வெளியேறும் தண்ணீரில் ஒரு லிட்டர் எடுத்து, பாதியை அப்படியே ஒரு பாட்டிலிலும், மீதியை 0.45 மைக்ரான் ஃபில்டரில் வடித்து இன்னொரு பாட்டிலிலும் ஊற்றி, இரண்டையும் லேபுக்குக் கொடுங்கள். சாம்பிள் கெடாமல் இருக்க நைட்ரிக் அமிலம் விட்டு பிஎச்சை 2க்குக் கீழே இறக்கி வைப்பது வழக்கம். கண்ணுக்குத் தெரியாமல் மிதந்துகொண்டிருந்த நிக்கல் ஹைட்ராக்சைடு துகளெல்லாம் அந்த அமிலத்தில் கரைந்து கணக்கில் ஏறிவிடும், தண்ணீர் தெளிந்திருக்கிறது என்று நாம் நிம்மதியாக இருந்த அதே தண்ணீர்தான். அதனால் வடிப்பது அமிலம் விடுவதற்கு முன்பு நடக்க வேண்டும். வடித்த பாட்டிலில் நிக்கல் 1க்குக் கீழே, வடிக்காததில் 7 என்று வந்தால் உங்கள் ரசாயனம் சரியாக இருக்கிறது, துகள் இறங்குவதில்தான் கோளாறு. பாலி விட்ட பிறகு வேகமாகக் கலக்கி மொத்தையை உடைத்துவிடுகிறீர்கள், அல்லது படியவிடும் தொட்டி சின்னது, அல்லது கடைசியில் மணல் ஃபில்டர் இல்லை. பழைய கசடில் கொஞ்சத்தைத் திரும்ப எடுத்துக் கலவைத் தொட்டியில் விட்டாலே புதுத் துகள்கள் அதன்மேல் ஒட்டிக் கனமாகி இறங்கும், பைசா செலவில்லாத வழி அது.

இரண்டு பாட்டிலிலும் 7 என்றால் நிக்கல் நிஜமாகவே கரைந்திருக்கிறது. அப்போது இரண்டு கட்டமாகப் பிரியுங்கள். முதல் தொட்டியில் 8.5, அங்கே குரோமும் செம்பில் பெரும்பகுதியும் இறங்கட்டும், தெளிந்ததை மட்டும் இரண்டாவது தொட்டிக்கு எடுத்து 10.3 வாக்கில் நிக்கலை இறக்குங்கள். அப்புறம் வெளியே விடும் தண்ணீரின் பிஎச் 5.5க்கும் 9க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று விதி இருப்பதால் அமிலம் விட்டுக் குறைப்பீர்கள். அந்த அமிலத்தை மணல் ஃபில்டருக்குப் பிறகுதான் விட வேண்டும். துகள் மிதக்கும் தண்ணீரில் அமிலம் விட்டால் பாடுபட்டு இறக்கிய நிக்கல் மறுபடி கரைந்துவிடும். ஆறுகளில் விடுவதற்கான பொதுத் தர அளவின்படி நிக்கல் லிட்டருக்கு 3 மில்லிகிராம், செம்பு 3, துத்தநாகம் 5, மொத்த குரோம் 2, ஹெக்சா குரோம் (பச்சையாக்குவதற்கு முந்தைய மஞ்சள் குரோம்) 0.1. உங்கள் அனுமதிக் கடிதத்தில் இதைவிடக் கடுமையாக எழுதியிருந்தால் அதுதான் உங்களுக்குச் சட்டம்.

என்னைக் கேட்டால் இதைவிட நல்ல வழி, நிக்கல் கழுவிய தண்ணீரைத் தொடக்கத்திலேயே தனிக் குழாயில் எடுத்துவிடுவது. கலந்த பிறகு பிரிப்பதற்குத்தான் இத்தனை ரசாயனமும் செலவும். இரண்டு கட்டமாகப் பிரித்தும் நிக்கல் அசையாவிட்டால், பட்டறையில் எலக்ட்ரோலெஸ் நிக்கலோ (மின்சாரம் இல்லாமல் ரசாயனத்தாலேயே பூசுவது) அம்மோனியா சேர்ந்த ஸ்ட்ரிப்பரோ (பழைய பூச்சைக் கழற்றும் கரைசல்) ஓடுகிறதா என்று பாருங்கள். சிட்ரேட், அம்மோனியா, ஈடிடிஏ மாதிரிப் பொருட்கள் உலோகத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும், எவ்வளவு காரம் போட்டாலும் விடாது. அந்தத் தண்ணீரைத் தனியாகச் சேர்த்து டைதயோகார்பமேட் வகை மருந்தை ஜார் டெஸ்டில், அதாவது சின்னக் குடுவைகளில் வெவ்வேறு அளவு போட்டுச் சோதித்து, அளவு பார்த்துப் போட வேண்டும்.

கேள்வி: ஓசூரில் ஆட்டோ உதிரிபாகங்களுக்குத் துத்தநாகம் போட்டு மஞ்சள் பாசிவேஷன் (துத்தநாகம் அரிக்காமல் காக்கும் குரோமேட் படலம்) கொடுக்கிறோம். கழுவிய தண்ணீரில் எவ்வளவு சுண்ணாம்பு கொட்டினாலும் மஞ்சள் போகமாட்டேன் என்கிறது.

பதில்: மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் போகாது. அந்த மஞ்சள் ஹெக்சா குரோம். அது தண்ணீரில் குரோமேட் என்ற எதிர்மின் அயனியாக இருக்கிறது, காரத்தோடு சேர்ந்து படியும் சுபாவமே அதற்குக் கிடையாது. முதலில் அதை ட்ரை குரோமாக ஒடுக்கியாக வேண்டும். கந்தக அமிலம் விட்டு பிஎச்சை 2லிருந்து 2.5க்குள் கொண்டுவந்து சோடியம் மெட்டாபைசல்பைட் போடுங்கள். மஞ்சள் மாறி பச்சையாகும். அந்த பிஎச்சில் நிமிடக் கணக்கில் முடியும் வேலை, 4, 5 என்று விட்டால் இழுத்துக்கொண்டே போகும். பல பட்டறைகளில் அமிலத்துக்குக் காசு பார்த்து, மெட்டாபைசல்பைட்டைக் கூடுதலாகக் கொட்டி அதைவிட அதிகம் செலவழிக்கிறார்கள்.

பச்சை தெரிந்துவிட்டதால் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், பச்சைக்குள் கொஞ்சம் மஞ்சள் ஒளிந்திருந்தால் கண்ணுக்குப் பிடிபடாது. ஓஆர்பி மீட்டர் (ஒடுக்கம் முடிந்ததா என்று மில்லிவோல்ட்டில் காட்டும் கருவி) இருந்தால் 250லிருந்து 300 மில்லிவோல்ட் வாக்கில் விழுந்து நிற்கும். இல்லாவிட்டால் ஒரு சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்து டைஃபினைல்கார்பசைடு சில சொட்டு விடுங்கள், ஹெக்சா குரோம் மிச்சம் இருந்தால் ஊதா நிறம் வரும். வராத பிறகுதான் சுண்ணாம்பு, 8லிருந்து 8.5 வரை.

அளவுக் கணக்கு இது: ஒரு கிலோ குரோமுக்கு மெட்டாபைசல்பைட் கணக்குப்படி 2.7 கிலோ, காற்றிலுள்ள ஆக்சிஜன் கொஞ்சம் தின்றுவிடும் என்பதால் நடைமுறையில் 3 கிலோவுக்கு மேல் ஆகும். அன்னபேதி, அதாவது பெரஸ் சல்பேட் போட்டால் 16 கிலோ. மலிவுதான், வேலையும் செய்யும், ஆனால் அதிலிருக்கும் இரும்பு முழுவதும் கசடாக வந்து சேரும். ஒரு கிலோ குரோம் தன் பங்குக்கு 2 கிலோ காய்ந்த ஹைட்ராக்சைடு தரும். அன்னபேதி போட்டால் அதோடு 6 கிலோவுக்கு மேல் இரும்பு ஹைட்ராக்சைடு சேரும். அதைத் தூக்கிப்போட டன் கணக்கில் பணம் கட்டப் போவது நீங்கள்தான், அதனால் சின்னப் பட்டறைக்கு நான் மெட்டாபைசல்பைட்டைத்தான் சொல்வேன். அமிலத்தில் அதைப் போடும்போது கந்தக டைஆக்சைடு வாயு கிளம்பும். மூடியும் எக்ஸாஸ்ட் ஃபேனும் இல்லாமல், குறிப்பாக ஆஸ்துமா உள்ள ஆளை வைத்து, அந்த வேலையைச் செய்ய விடாதீர்கள்.

ட்ரை குரோம் பாசிவேஷனுக்கு மாறலாமா என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாறலாம், மாறத்தான் வேண்டும். ஐரோப்பாவுக்குப் போகும் வண்டிகளின் பூச்சில் ஹெக்சா குரோமுக்கு 2007 ஜூலையிலிருந்தே தடை இருக்கிறது. ஆனால் பல ட்ரை குரோம் கரைசல்களில் குரோமைப் பிடித்து வைக்கும் கரிம அமிலங்களும் கோபால்ட்டும் உண்டு. கழிவு சுலபமாகிவிடும் என்று நம்பி மாறாதீர்கள், சப்ளையரிடமிருந்து ஒரு லிட்டர் வாங்கித் தண்ணீர் சேர்த்து ஜார் டெஸ்ட் செய்து பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

கேள்வி: என் பெயரும் ஊரும் வேண்டாம். நான் வேலை பார்க்கும் இடத்தில் சயனைடு துத்தநாகத் தொட்டியும் குரோமிக் அமிலத் தொட்டியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கழுவும் தண்ணீர் இரண்டும் ஒரே குழியில் விழுகிறது. "எல்லாம் கடைசியில் சுண்ணாம்புக்குத்தானே போகிறது" என்கிறார் முதலாளி. இது சரியா?

பதில்: சரியில்லை. இது ஆளைக் கொல்லும் ஏற்பாடு. சயனைடு அமிலத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு வரும். மேலே ஓசூர்க்காரருக்குச் சொன்ன பிஎச் 2, 2.5 இருக்கிறதே, அந்த இடத்தில் சயனைடு முழுக்க முழுக்க வாயுவாகக் கிளம்பத் தயாராக இருக்கும். வாதாம் வாசனை வந்தால் ஓடிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த வாசனையை உணரவே முடியாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அது பிறவியிலேயே வருவது. குழியைச் சுத்தம் செய்ய ஒருவர் இறங்கி, அவரைத் தூக்க இன்னொருவர் இறங்கி, இப்படித்தான் ஒரே குழியில் இரண்டு மூன்று உயிர் போகிறது.

உயிர்ப் பயத்தை ஒதுக்கிவிட்டு வெறும் கழிவுக் கணக்காகப் பார்த்தாலும் முதலாளி சொல்வது தவறு. செம்பையும் நிக்கலையும் சயனைடு இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும், சுண்ணாம்பால் அதைப் பிரிக்க முடியாது. சயனைடு தண்ணீர் தனிக் குழாய், தனித் தொட்டி. அதில் பிஎச் 10.5க்குக் குறையாமல் வைத்து ஹைப்போகுளோரைட்டால், நஞ்சு மிகக் குறைந்த சயனேட் ஆக்க வேண்டும், அப்புறம் 8.5 வாக்கில் இறக்கி மறுபடி ஹைப்போகுளோரைட் விட்டு முழுதாக உடைக்க வேண்டும். ஒரு கிலோ சயனைடை முழுதாக அழிக்கக் குளோரின் கணக்கில் 7 கிலோ வரை ஆகும். அதெல்லாம் முடிந்த பிறகுதான் அந்தத் தண்ணீர் மற்றதோடு சேரலாம்.

இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் மேஜையில் வையுங்கள். அவர் கேட்காவிட்டால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு எழுதுங்கள். குழாய் பிரிக்கும்வரை அந்தக் குழிக்குள் யாரும் இறங்காதீர்கள், யார் சொன்னாலும்.

கேள்வி: கோவையில் வாட்ஸ் நிக்கல் தொட்டி (நிக்கல் சல்பேட் முக்கியமாக உள்ள பிளேட்டிங் கரைசல்) ஓட்டுகிறோம். பூச்சில் ஊசிமுனை மாதிரிக் குழிகள், மேல்பக்கம் பார்த்த இடங்களில் சொரசொரப்பு. இரும்பு கலந்துவிட்டது என்று கெமிக்கல் கடைக்காரர் சொல்கிறார். தொட்டியையே கொட்டிவிட்டுப் புதிதாகப் போட வேண்டுமா?

பதில்: கொட்டாதீர்கள். லிட்டருக்கு 250, 300 கிராம் நிக்கல் சல்பேட் கரைந்திருக்கும் சரக்கு அது. வீழ்படிவாக்கலின் அழகே இங்கேதான் இருக்கிறது, வேண்டாததை மட்டும் இறக்கி வேண்டியதைக் கரைசலிலேயே நிறுத்தலாம். ஃபெரிக் இரும்பு பிஎச் 3.5 தாண்டினாலே ஏறக்குறைய முழுக்கப் படிந்துவிடும். உங்கள் தொட்டியில் இருக்கும் செறிவுக்கு நிக்கல் 6 தாண்டித்தான் படிய ஆரம்பிக்கும். நடுவில் இருக்கும் அந்த இடைவெளியில்தான் வேலை. ஆனால் தொட்டியில் கரைந்திருக்கும் இரும்பில் பெரும்பங்கு ஃபெரஸ், அது 5க்கெல்லாம் அசையாது. அதை ஃபெரிக்காக மாற்றத்தான் பெராக்சைடு.

செய்முறை இப்படி. கரைசலைத் தனித் தொட்டிக்கு மாற்றி 60 டிகிரிக்குச் சூடாக்குங்கள். நிக்கல் கார்பனேட்டைத் தண்ணீரில் குழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு பிஎச்சை 5.2லிருந்து 5.5க்குக் கொண்டுவாருங்கள். காஸ்டிக் சோடா விடவே கூடாது. அது விழுந்த இடத்தில் பிஎச் எகிறி நிக்கலே பச்சைக் கூழாகப் படியும், சோடியமும் தொட்டியில் தங்கிவிடும். அப்புறம் 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை லிட்டருக்கு 1 மில்லி வாக்கில் தண்ணீரில் கலந்து ஊற்றி, சூட்டோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் கலக்குங்கள். கரைசலைக் கண்ணாடிக் குடுவையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பச்சைக்குள் துருநிறத் தூசு சுழல்வது தெரியும், அதுதான் வெளியேறும் இரும்பு. மிச்சப் பெராக்சைடு சூட்டில் போன பிறகு ஆக்டிவேட்டட் கார்பன் லிட்டருக்கு 3 கிராம் வரை போட்டு, கலக்கி, ராத்திரி முழுக்கப் படியவிட்டு, மேலிருந்து ஃபில்டர் வழியாக எடுங்கள். அடியில் இருப்பதைக் கலக்கிவிடாதீர்கள். கடைசியில் கந்தக அமிலம் விட்டு 4க்கு இறக்கி, கார்பன் தின்றுவிட்ட பிரைட்னரையும் (பளபளப்பு தருவது) வெட்டிங் ஏஜென்ட்டையும் (குழி விழாமல் தடுப்பது) ஹல் செல்லில், அதாவது சின்னச் சோதனைத் தொட்டியில், பூசிப் பார்த்துச் சேருங்கள்.

இதில் செம்பு போகாது. குறைந்த கரண்ட் விழும் பள்ளங்களில் பூச்சு கறுத்தால் அது செம்போ துத்தநாகமோ. அதற்கு நெளிநெளியான தகட்டைத் தொங்கவிட்டு சதுர டெசிமீட்டருக்கு 0.2லிருந்து 0.5 ஆம்பியரில் டம்மி ஓட்ட வேண்டும், அதாவது அந்த உலோகங்களை அந்தத் தகட்டிலேயே படியவிட்டு எடுக்க வேண்டும்.

சரி, இரும்பு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் தொட்டிக்குள் விழுந்து கிடக்கும் பாகங்களிலிருந்துதான். கனமான காந்தத்தை பாலித்தீன் பையில் கட்டி அடியில் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். வாரம் ஒருமுறை அதைச் செய்தால் இந்தப் பெரிய வைத்தியம் எப்போதாவதுதான் தேவைப்படும்.

கேள்வி: ஆம்பூரிலிருந்து எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் டேனரியில் குரோம் ரெகவரியில் இருக்கிறார். வெள்ளைப் பவுடர் போட்டு குரோமை இறக்குவதாகச் சொல்கிறார். சுண்ணாம்பு மலிவாயிற்றே, அதை ஏன் போடுவதில்லை? ராணிப்பேட்டையில் மண்ணைக் கெடுத்த குரோம்தானே இதுவும்? எனக்குப் பயமாக இருக்கிறது.

பதில்: அம்மா, பயத்தை முதலில் பிரித்துப் பார்ப்போம். தோல் பதனிட ஓடுவது ட்ரை குரோம், பேசிக் குரோமியம் சல்பேட். ராணிப்பேட்டை சிப்காட்டில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச் சென்ற ஒரு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குப்பையில் இருப்பது ஹெக்சா குரோம், மழைத் தண்ணீரோடு கரைந்து நிலத்தடிக்குப் போவது, புற்றுநோய் உண்டாக்கும் என்று நிரூபிக்கப்பட்டது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது நம் பக்கம் ரொம்ப நாளாக நடக்கிறது. அதற்காக ட்ரை குரோமை அலட்சியம் செய்யச் சொல்லவில்லை. தோலில் படும்போது சிலருக்கு அரிப்பும் புண்ணும் வரும், கையுறையும் பூட்ஸும் கட்டாயம் வேண்டும். இன்னொன்று, குரோம் கசடைத் திறந்தவெளியில் எரித்தால் சுண்ணாம்போ காரமோ கலந்திருக்கும் இடத்தில் ட்ரை குரோமே ஹெக்சாவாக மாறும். குரோமேட் ஆலைகளில் தாதுவைச் சோடாவோடு வறுப்பது அதே வேதிவினைதான். கசடையும் தோல் சீவலையும் எரிப்பவர்களைக் கண்டால் தடுத்து நிறுத்துங்கள்.

இனி அந்த வெள்ளைப் பவுடர், அது மக்னீசியம் ஆக்சைடு. டிரம்மில் போட்ட குரோமில் தோல் ஏற்பது 60லிருந்து 70 சதவீதம், மிச்சம் நீலப் பச்சைத் தண்ணீராக வெளியே வரும். அதைச் சல்லடையில் வடித்து நாரையும் கொழுப்பையும் நீக்கி, இந்தப் பவுடரைப் போட்டுக் கலக்கி ராத்திரி விட்டுவிடுவார்கள். மக்னீசியம் ஆக்சைடு தண்ணீரில் மிகக் கொஞ்சமாகத்தான் கரையும், அமிலம் தின்னத் தின்ன மெதுவாகக் காரத்தை விடும். அதனால் கை தவறிக் கூடப் போட்டாலும் பிஎச் தாறுமாறாக ஏறாது, குரோம் ஹைட்ராக்சைடு நிதானமாக வளர்ந்து இறுகிய படிவாக அடியில் உட்காரும். காஸ்டிக் போட்டால் அதே குரோம் பொங்கிய கூழாகிப் பாதித் தொட்டியை அடைத்துக்கொண்டு நிற்கும். சுண்ணாம்பு போட்டால், பதனிட்ட தண்ணீரில் சல்பேட் ஏராளம் என்பதால் ஜிப்சமும் கூடவே படிந்து குரோமோடு கலந்துவிடும். மக்னீசியத்தின் சல்பேட்டோ நன்றாகக் கரையும், தொல்லையில்லை. காலையில் மேல்தண்ணீரை இறக்கிவிட்டு, படிவில் கந்தக அமிலம் விட்டால் மறுபடி குரோம் சல்பேட். புதுக் குரோமோடு கலந்து அடுத்த டிரம்முக்குப் போடுகிறார்கள். அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நம் டேனரிகளுக்குப் பரப்பிய நல்ல காரியங்களில் இது ஒன்று. வேலூர் மாவட்ட மக்கள் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்த பிறகு இதையெல்லாம் தட்டிக்கழிக்க இடமில்லாமல் போனது.

உங்கள் வீட்டுக்காரரின் வேலையில் உண்மையான ஆபத்து அந்த அமிலம் விடும் நேரம். முகக்கவசக் கண்ணாடி இல்லாமல் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கேள்வி: தூத்துக்குடி உப்பளத்தில் கணக்குப் பார்க்கிறேன். காஸ்டிக் சோடா ஆலைக்குப் போகும் உப்பில் மக்னீசியம் கூடுதல் என்று விலையைக் குறைக்கிறார்கள். துளி மக்னீசியத்தில் அவர்களுக்கு என்ன நஷ்டம்?

பதில்: நிறைய. சாகுபுரத்திலோ மேட்டூரிலோ உப்பைக் கரைத்து மின்சாரம் பாய்ச்சுவதற்கு முன், அதிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் இறக்கியாக வேண்டும். சோடா ஆஷ் போட்டால் கால்சியம் கார்பனேட், காஸ்டிக் போட்டால் மக்னீசியம் ஹைட்ராக்சைடு. முன்னது மணல்போல இறங்கும், பின்னது வழவழவென்று மிதக்கும். கால்சியம் அதிகமாகவும் மக்னீசியம் குறைவாகவும் இருந்தால் கனமானது லேசானதையும் இழுத்துக்கொண்டு போகும். மக்னீசியம் மிஞ்சினால் படியவிடும் தொட்டியே கலங்கிவிடும். விற்பதற்காகச் செய்யும் காஸ்டிக்கை அவர்களே அதில் செலவழிக்கவும் வேண்டும். வீழ்படிவாக்கினாலும் லிட்டருக்குச் சில மில்லிகிராம் தங்கும். மெம்பிரேன் செல்லுக்கோ (நடுவில் மெல்லிய சவ்வு வைத்த மின்பகுப்புக் கலம்) இரண்டும் சேர்ந்து 100 கோடியில் 20 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது, அதற்காக மிச்ச அயனிகளைப் பிடிக்கும் ரெசின் கோபுரங்கள் தனி. மீறிப் போனால், மெம்பிரேனுக்கு அந்தப் பக்கம் 32 சதவீதக் காஸ்டிக் இருப்பதால், தொட்டியில் நடக்க வேண்டிய அதே படிதல் மெம்பிரேனுக்கு உள்ளேயே நடந்து அதைப் பாழாக்கிவிடும். மாற்றுவது பெரிய செலவு.

உங்கள் கையில் இருப்பது பாத்தி. 25 டிகிரி போமேயில் (இது சூடு அல்ல, உப்பு நீரின் அடர்த்தி அளவு) உப்பு விழத் தொடங்கும், 29, 30 வந்ததும் கசப்பு நீரைத் தயங்காமல் வெளியேற்றிவிடுங்கள். அதற்கு மேலும் வைத்தால் எடை கூடுவது மாதிரித் தெரியும், கூடுவதில் மக்னீசியமும் இருக்கும். அம்பாரத்தைத் தெளிந்த உப்புத் தண்ணீரில் கழுவினாலும் ஒட்டியிருப்பது நிறையப் போய்விடும்.

கேள்வி: பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. வேதியியல் படிக்கிறேன். சால்ட் அனாலிசிஸில் செம்பையும் ஈயத்தையும் சல்பைடாகத்தான் இறக்குகிறோம். அது ஹைட்ராக்சைடைவிடக் குறைவாகக் கரையுமே, ஆலைகள் ஏன் அதைப் பயன்படுத்துவதில்லை?

பதில்: நல்ல கேள்வி தம்பி. பயன்படுத்துகிறார்கள். செம்பு ஹைட்ராக்சைடின் கரைதிறன் பெருக்கம் (இது சிறிதாக இருந்தால் கரைவதும் குறைவு) 10ன் அடுக்கு மைனஸ் 20 வாக்கில், சல்பைடுக்கு மைனஸ் 36 வாக்கில், இரண்டுக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். நீங்கள் சால்ட் அனாலிசிஸில் உலோகங்களைத் தொகுதி தொகுதியாகப் பிரிக்கும்போது, இரண்டாம் தொகுதியில் அமிலத்தை வைத்து சல்பைடு அயனியை அடக்கி, துத்தநாகத்தையும் நிக்கலையும் பிந்தைய தொகுதிக்கு ஒதுக்குகிறீர்களே, அதே உத்தியைப் பெரிய அளவில் செய்யும் இடங்கள் உண்டு. கியூபாவின் மோவாவில் 1959லிருந்து நிக்கலையும் கோபால்ட்டையும் அமிலக் கரைசலிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயுவால்தான் இறக்குகிறார்கள். சயனைடு துத்தநாகத் தொட்டியில் ஈயம் கலந்தால் நம்மூர்ப் பட்டறைகளிலும் கொஞ்சம் சோடியம் சல்பைடு போடுவார்கள்.

கழிவுத் தண்ணீரில் பரவலாக வராததற்குக் காரணம் பாதுகாப்பு. பிஎச் 8க்குக் கீழே இறங்கினால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் முதலில் வரும், 100 பிபிஎம் வாக்கில் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, வாயு போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். அதோடு சல்பைடு துகள் மிகப் பொடியானது, ஃபில்டருக்குள் நழுவும். மிஞ்சிய சல்பைடைப் பிடிக்க இரும்பு உப்பு வேறு போட வேண்டும். ஹைட்ராக்சைடில் பெரும்பகுதியை இறக்கிவிட்டு, கடைசி மில்லிகிராமுக்கு மட்டும் சல்பைடு வகை மருந்தை வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. கல்லூரியில் ஃபியூம் ஹூட் (வாயுவை வெளியே இழுக்கும் அலமாரி) வேலை செய்யாவிட்டால், அந்த வாயுவைத் தயாரிக்கும் கிப்ஸ் உபகரணத்தைத் திறக்காதீர்கள், ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: கசடை ஒரு லாரிக்காரர் பாதி விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார், பள்ளம் நிரப்பவாம். கொடுக்கலாமா? (திருமுடிவாக்கம்)

பதில்: கொடுக்காதீர்கள். பிளேட்டிங் கசடு 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயக் கழிவு. அமில மழையோ, பக்கத்தில் கொட்டிய வேறு அமிலமோ பட்டால் அதிலிருக்கும் நிக்கலும் துத்தநாகமும் திரும்பக் கரைந்து யாரோ ஒருவரின் கிணற்றுக்குப் போகும். கும்மிடிப்பூண்டியில் இருப்பது மாதிரி அனுமதி பெற்ற நிலையத்துக்கு மேனிஃபெஸ்ட்டோடுதான் (கழிவு எங்கிருந்து எங்கே போகிறது என்ற பதிவுச் சீட்டு) போக வேண்டும், உங்கள் வளாகத்தில் 90 நாளுக்கு மேல் வைக்கவும் கூடாது.

செலவைக் குறைக்க நேர்வழி ஒன்று இருக்கிறது. தொட்டியின் அடியிலிருந்து வரும் கசடில் திடப்பொருள் 2 சதவீதம்தான் என்று வைத்துக்கொள்வோம், 1,000 கிலோவில் 20 கிலோ. ஃபில்டர் பிரஸ்ஸில் 30 சதவீதத்துக்குப் பிழிந்தால் அதே 20 கிலோ, 67 கிலோ கேக்கில் அடங்கிவிடும். கூரை போட்ட சிமெண்ட் தரையில் இன்னும் கொஞ்சம் உலர்த்தினால் எடை மேலும் குறையும். சொந்தமாக பிரஸ் வாங்க முடியாவிட்டால் உங்கள் பேட்டையில் நாலைந்து பட்டறைகள் சேர்ந்து ஒன்று வாங்குங்கள். வாங்கும்போது பிளேட்டின் எண்ணிக்கையை மட்டும் கேட்காமல், உங்கள் கசடு பத்து லிட்டரை எடுத்துக்கொண்டுபோய் அவர்கள் முன்னால் பிழிந்து காட்டச் சொல்லுங்கள்.